பன்றிக்குட்டிகளின் தீனில் அவரையினத் தானியங்கள்

(கமக்காரருக்கு நிகழ்த்திய பேச்சின் வடிவம்)



நெல்லும் மரக்கறியும் செய்து வாழும் உங்களிற் சிலர் வீட்டின் பின்புறத்தில் இரண்டொரு தாய்ப் பன்றிகளையும் வளர்த்து வருகின்றீர்கள். நீர்கொழும்பு தொடக்கம் சிலாபம், புத்தளம் வரையுள்ள கரையோரப் பகுதிகளில் இத்தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. பன்றி வளர்ப்போருக்கும், இனி வளர்க்க எண்ணியிருப்போருக்கும் பயன்படக்கூடிய ஒரு விடயத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். உங்கள் வயலிலும் மேட்டு நிலத்திலும் விளையும் பயறு, கௌப்பி, உழுந்து, சோயா அவரை முதலிய அவரையினத் தானியங்களைப் பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்கு எவ்வாறு தீனாகக் கொடுக்கலாம் என்பதே அவ்விடயமாகும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லி வைக்கின்றேன். இத்தானியங்கள் மிக நல்ல தீன். ஆனால் அவற்றைப் பச்சையாகக் கொடுத்தல் கூடாது. அவித்தோ வறுத்தோ கொடுத்தல் வேண்டும். நான் இன்று கூறுவனவற்றுள் வேறெதனை மறந்தாலும் இதனை மட்டும் மறவாதீர்கள்.

குட்டிக்கு இடர் நேருங் காலம்

பன்றி வளர்ப்பில் இலாபம் என்பது ஒரு தாய்ப் பன்றி எத்தனை குட்டிகளை ஈன்றது என்பதைப் பொறுத்ததன்று. அவற்றுள் எத்தனை குட்டிகள் தப்பி வளர்ந்து விலைக்குப் போயின என்பதையே பொறுத்தது. பிறக்கும்போது குட்டியொன்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோகிராம் நிறையுள்ளதாயிருக்கும். தாயின் பால் மூன்றாவது கிழமையளவிற் பெருகி நின்று, அதன் பின் படிப்படியாகக் குறையும். குட்டியின் பசியோ நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். ஐந்து தொடக்கம் எட்டுக் கிழமைக்குள் பால் மறக்கச் செய்யும்போது, அது இலகுவிற் சமிக்கும் உணவை ஒரே நாளில் இழந்துவிடுகின்றது.

இக்காலத்திற் பலர் குட்டிக்குக் கொடுப்பது யாது? தவிட்டையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் நீரிற் கரைத்து ஊற்றுவதே வழக்கம். வயிறு நிரம்பும், உடம்பு வளராது. சில நாட்களுள் வயிற்றோட்டம் காணும். மயிர் சிலிர்த்து, முதுகெலும்பு தெரிந்து, வயிறு மட்டும் தொங்கும். இவ்வாறு தேய்ந்த குட்டி இறந்தால் அது ஒரு நட்டம். இறவாது கிடந்தால் அது பெரிய நட்டம். ஏனெனில் உடன் பிறந்த குட்டிகள் விலைக்குப் போன பின்னரும் அது மாதக்கணக்கில் நின்று தீனைத் தின்னும். பால் மறந்த பின்வரும் ஆறு கிழமைகளிற் கொடுக்கும் தீனே இதனைத் தீர்மானிக்கின்றது.

புரதமும் அதன் குறையும்

தசையும் குருதியும் உண்டாவதற்குப் புரதம் வேண்டும். பத்துக் கிலோகிராம் தொடக்கம் இருபத்தைந்து கிலோகிராம் வரை நிறையுள்ள குட்டியின் தீனில் நூற்றுக்கு 18 தொடக்கம் 20 பங்கு புரதம் இருத்தல் வேண்டும். அரிசித் தவிட்டில் 12 பங்கும், தேங்காய்ப் புண்ணாக்கில் 20 பங்கும் வரையிலேயே உண்டு. தேங்காய்ப் புண்ணாக்கை மிகுதியாகக் கொடுத்தால் அதிலுள்ள நார் குட்டியின் சிறு வயிற்றை நிரப்பிவிடும்.

புரதத்தின் அளவு மட்டும் போதாது. அதன் தன்மையும் வேண்டும். புரதம் என்பது அமினோவமிலங்கள் எனப்படும் பல சிறு கூறுகளால் ஆனது. வேலி அடைப்பதை நினைத்துப் பாருங்கள். கதியால் வேண்டும், ஓலை வேண்டும், கட்டுவதற்குக் கயிறும் வேண்டும். கயிறு முடிந்தவுடன் வேலை நின்றுவிடும். ஓலை எவ்வளவு குவிந்து கிடந்தாலும் பயனில்லை. பன்றிக்குட்டி தசை வைப்பதில் முதலில் முடிந்துபோகும் கயிறு இலைசீன் என்னும் அமினோவமிலமாகும். சோளத்திலும் குறுணலரிசியிலும் தேங்காய்ப் புண்ணாக்கிலும் இது மிகக் குறைவு. அவரையினத் தானியங்களில் இது நிறைய உண்டு.

அவரையினத் தானியங்களுக்கும் ஒரு குறை உண்டு. மெதியோனீன் என்னும் வேறோர் அமினோவமிலம் அவற்றிற் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் இலைசீன் குறைவு; மெதியோனீன் அதிகம். ஆகவே அவரையினத் தானியத்தையும் எள்ளுப் புண்ணாக்கையும் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். இரண்டும் நிறைந்தது மீன் தூள். அதன் விலை அதிகமாகையால் அதனைச் சிறிதளவு சேர்த்து, எஞ்சிய புரதத்தை உங்கள் நிலத்தில் விளையுந் தானியத்திலிருந்து பெறுவதே சிக்கனமான வழியாகும்.

தானியங்களின் தரம்

பயறு, கௌப்பி, உழுந்து ஆகிய மூன்றிலும் நூற்றுக்கு 24 பங்கையொட்டிப் புரதம் உண்டு. கொள்ளிலும் துவரையிலும் 20 தொடக்கம் 22 பங்கு வரை உண்டு. சோயா அவரை இவையனைத்திலும் மேலானது. அதில் 36 தொடக்கம் 40 பங்கு புரதமும், 18 தொடக்கம் 20 பங்கு எண்ணெயும் உண்டு. வீட்டு வேலியிற் படரும் சிறகவரையின் முற்றிய வித்தும் ஏறக்குறையச் சோயா அவரைக்கு ஒப்பானதே. அதனையும் அவித்தே கொடுத்தல் வேண்டும்.

பச்சைத் தானியம் ஏன் ஆகாது?

இத்தானியங்கள் பூச்சியிடமிருந்தும் விலங்கிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளச் சில பொருள்களைத் தம்முள் வைத்திருக்கின்றன. அவற்றுள் முக்கியமானது திரிப்சின் தடுப்பான் என்பதாகும். நாம் உண்ணும் புரதத்தைச் சமிக்கச் செய்வதற்குச் சதையி என்னும் உறுப்பு திரிப்சின் என்ற நொதியத்தைச் சுரக்கின்றது. பச்சை வித்திலுள்ள தடுப்பான் இந்நொதியத்தைப் பற்றிக் கட்டிவிடுகின்றது. சதையி மேலும் மேலும் சுரக்கின்றது. அச்சுரப்பும் புரதமாதலால் உடம்பிலுள்ள புரதமும் வீணாகின்றது. தின்ற தீன் சமிக்காமற் கீழ்க்குடலை அடைந்து புளிக்க, வயிற்றோட்டம் உண்டாகின்றது. லெக்ரின் எனப்படும் வேறொரு பொருள் குடலின் உட்சுவரில் ஒட்டி அதனைக் கெடுக்கின்றது.

சோயா அவரையைச் சமைத்தால் மட்டுமே எலிகள் செவ்வையாக வளர்கின்றன என்பதை அமெரிக்காவில் ஒஸ்போண், மென்டல் என்னும் இரு அறிஞர்கள் 1917ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். அதன் காரணங்களுள் ஒன்றான திரிப்சின் தடுப்பானைக் குனிற்ஸ் என்பவர் 1945ஆம் ஆண்டில் பளிங்குருவாகப் பிரித்தெடுத்தார். இத்தடுப்பானும் லெக்ரினும் வெப்பத்தால் அழிவன என்பதே நமக்கு நல்வாய்ப்பு. ஒரு கிடாரமும் சிறிது விறகும் இருந்தால் அவற்றை நீக்கிவிடலாம்.

“எங்கள் மாடு பச்சைக் கொள்ளைத் தின்று நன்றாகத்தானே இருக்கின்றது?” என்று நீங்கள் கேட்கலாம். மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் தடுப்பானின் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகின்றன. பன்றிக்கு அத்தகைய வயிறு இல்லை. வளர்ந்த தாய்ப் பன்றி ஓரளவு தாங்கும், குட்டி தாங்காது.

தானியத்தைத் தெரிதல்

விலைக்குப் போகும் நல்ல பயற்றைப் பன்றிக்குப் போடும்படி நான் கூறவில்லை. அது உங்கள் வீட்டுக்கும் சந்தைக்கும் உரியது. சூடடித்துத் தூற்றி அரிதட்டில் அரிக்கும்போது கீழே விழும் சிறு மணியும், உடைந்த மணியும், நிறங் குன்றிய மணியும் கழிக்கப்படுகின்றன. இவற்றைச் சேர்த்து வையுங்கள். வண்டு துளைத்த மணியையும் வெயிலில் உலர்த்திச் சுளகிற் புடைத்துப் பயன்படுத்தலாம். சோயா அவரையை மட்டும் தீனுக்கெனவே சிறிதளவு செய்தல் தகும்.

ஆனால் பூஞ்சணம் பிடித்த மணியை எக்காரணங் கொண்டும் எடுத்தல் ஆகாது. பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். அவிப்பதனால் அது நீங்காது. விதைப்பதற்கென மருந்து பூசிய விதையில் மிஞ்சியதைக் கழுவிக் கொடுக்கலாம் என்று நினைப்பதும் பெருந் தவறு. அது பன்றிக்கும் நஞ்சு. அப்பன்றியின் இறைச்சியை உண்போருக்கும் தீங்கு.

வாளவரை, பூனைக்காலி, இப்பில் இப்பில் ஆகியவற்றின் வித்துக்களும் அவரையினத்தைச் சேர்ந்தவையே. எனினும் அவற்றிலுள்ள நச்சுப் பொருள்கள் சாதாரணமாக அவிப்பதனால் முற்றாக நீங்குவதில்லை. அவற்றைக் குட்டிகளுக்குக் கொடாது விடுங்கள்.

அவிக்கும் முறை

மாலையில் தானியத்தை நிறுத்து, கல்லும் மண்ணும் நீக்கிக் கழுவி, அதனளவில் மூன்று மடங்கு நீரில் ஊற விடுங்கள். மறுநாட் காலையில் அந்நீரை ஊற்றிவிடுங்கள். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் ஒருவகை வெல்லங்கள் இத்தானியங்களில் உண்டு. வெப்பத்தால் அவை அழியா. ஊறிய நீரோடு அவற்றில் ஒரு பகுதி வெளியேறும். ஆகையால் ஊறிய நீரிலேயே அவித்தல் நன்றன்று.

பின்னர் புது நீர் விட்டு அடுப்பில் ஏற்றுங்கள். சோயா அவரையாயின், நீர் கொதிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து அரை மணி நேரம் விடாது கொதிக்க வேண்டும். அடுப்பு மூட்டிய நேரத்திலிருந்து கணக்கிடாதீர்கள். பயறும் கௌப்பியும் உழுந்தும் விரலிடையே நசுக்கும்போது மாவாக நசியும்வரை அவிந்தாற் போதும். ஊற வைக்காத தானியம் உள்ளே வேகாது நிற்கும். அதற்கு நேரமும் விறகும் அதிகம் செல்லும்.

அவித்ததை வடித்து இரு வழிகளிற் பயன்படுத்தலாம். ஒன்று, நசித்து அன்றன்றைய தீனுடன் பிசைந்து கொடுத்தல். நமது வெப்பத்தில் அவித்த தானியம் விரைவிற் புளித்துவிடுமாதலால், காலையில் அவித்ததை அன்று மாலைக்குள் முடித்துவிடுதல் வேண்டும். மற்றையது, பாயிற் பரப்பிக் கடும் வெயிலில் மொறுமொறுப்பாக உலர்த்தி, இடித்தோ திரிகையில் திரித்தோ வைத்துக்கொள்ளல். நன்றாய் உலர்ந்த மாவை இரண்டு மூன்று கிழமைகளுக்கு வைத்திருக்கலாம். சோயா மாவில் எண்ணெய் இருப்பதால் அதனை அதற்கு மேல் வைத்திருந்தாற் சிக்குப் பிடிக்கும்.

வறுத்தும் கொடுக்கலாம். தாச்சியில் மணலிட்டுச் சூடாக்கி, சோயா அவரையைச் சிறிது சிறிதாகப் போட்டு, விடாது கிளறி, தோல் வெடித்து உட்பருப்பு இளம் பொன்னிறமாக வரும்போது இறக்கி மணலை அரித்துவிடுங்கள். கருகவிடல் ஆகாது. மிஞ்சிய வெப்பம் நாம் நாடும் இலைசீனையே கெடுத்துவிடும். பச்சையாய் விடுதலும் பிழை, கருக்குதலும் பிழை.

வெந்ததை அறிய ஒரு சோதனை

சோயா அவரை போதிய அளவு வெந்ததா என்பதை உங்கள் வீட்டிலேயே அறியலாம். அவித்து அல்லது வறுத்துத் திரித்த மாவில் ஒரு தேக்கரண்டியை வாய் அகன்ற சிறு போத்தலில் இட்டு, பயிருக்குப் போடும் யூரியாவில் ஒரு சிட்டிகையைச் சேர்த்து, மாவு நனையுமளவுக்கு நீர் விட்டுக் குலுக்கி இறுக மூடி வையுங்கள். இருபது நிமிடம் கழித்துத் திறந்து முகருங்கள். அமோனியாவின் கடும் நெடி வந்தால் அது இன்னும் பச்சை; மீண்டும் அவித்தல் வேண்டும். நெடி இல்லையாயின் போதிய அளவு வெந்துள்ளது. பச்சைச் சோயாவிலுள்ள யூரியேசு என்னும் நொதியம் யூரியாவைப் பிரித்து அமோனியாவை உண்டாக்குகின்றது. திரிப்சின் தடுப்பான் அழியும் வெப்பத்திலேயே இந்நொதியமும் அழிவதால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அறியலாம். இச்சோதனை சோயா அவரைக்கே பொருந்தும். சோதித்த மாவை மண்ணிற் புதைத்துவிடுங்கள். அதனை எந்தப் பிராணிக்கும் கொடாதீர்கள்.

தீன் கலக்கும் முறை

பத்துக் கிலோகிராம் கலவைக்கான அளவுகளைக் கூறுகின்றேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தானியத்தின் அளவு ஊற வைக்குமுன் உலர்ந்த நிலையில் நிறுத்த அளவாகும். அவித்த பின் நிறுத்தால், நீரையும் சேர்த்து நிறுத்தவர் ஆவீர்கள். சோயா அவரை அவிந்ததும் இரு மடங்குக்கு மேல் நிறைகொள்ளும்.

முதலாவது, சோயா அவரைக் கலவை:

சோள மா அல்லது குறுணலரிசி – 4½ கிலோகிராம்
அரிசித் தவிடு – 1½ கிலோகிராம்
அவித்த சோயா அவரை – 2 கிலோகிராம்
தேங்காய்ப் புண்ணாக்கு – 600 கிராம்
எள்ளுப் புண்ணாக்கு – 600 கிராம்
மீன் தூள் – 500 கிராம்
கனியுப்புக் கலவை – 250 கிராம்
கறியுப்பு – 50 கிராம்

இரண்டாவது, பயறு அல்லது கௌப்பிக் கலவை:

சோள மா அல்லது குறுணலரிசி – 3 கிலோ 600 கிராம்
அரிசித் தவிடு – 1½ கிலோகிராம்
அவித்த பயறு அல்லது கௌப்பி – 2½ கிலோகிராம்
தேங்காய்ப் புண்ணாக்கு – 800 கிராம்
எள்ளுப் புண்ணாக்கு – 600 கிராம்
மீன் தூள் – 700 கிராம்
கனியுப்புக் கலவை – 250 கிராம்
கறியுப்பு – 50 கிராம்

இவ்விரு கலவைகளிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 19 பங்கு புரதம் உண்டு. மீன் தூளுக்குப் பதிலாகக் கருவாட்டுத் தூளைப் போடுவோர் கறியுப்பை முற்றாக விட்டுவிடுதல் வேண்டும். உப்பு மிகுந்து குடிநீரும் குறைந்தால் குட்டிகள் நடுக்கங் கொண்டு விழுந்து இறக்கும். எந்தத் தீனைக் கொடுத்தாலும் தொட்டியில் நல்ல நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

கொடுக்கும் அளவு

குட்டிகள் பிறந்து இரண்டு கிழமையானதும், தாய் நுழைய முடியாதபடி ஒரு மூலையை மரத்தால் அடைத்து, அங்கே ஒரு பிடி கலவையை வையுங்கள். முதலிற் கிளறி விளையாடும். பின்னர் தின்னப் பழகும். மிஞ்சியதை நாள்தோறும் அகற்றிப் புதிது வையுங்கள். பால் மறக்கு முன்பே தீனுக்குப் பழகிய குட்டிக்கு, தாயைப் பிரியும் நாள் பெரிய இடராய் இராது.

பால் மறந்த முதற் கிழமையிற் சோயா அவரையைக் குறைத்தே கொடுத்தல் வேண்டும். நன்றாக வெந்த சோயாவின் புரதமும் சில குட்டிகளின் குடலுக்கு முதலில் ஒவ்வாதிருப்பதுண்டு. முதலாவது கலவையில் சோயாவை ஒரு கிலோகிராமாகக் குறைத்து, மீன் தூளில் அரைக் கிலோவையும் சோள மாவில் அரைக் கிலோவையும் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது கிழமையிற் சிறிது சிறிதாக முழு அளவுக்கு வாருங்கள்.

ஒரு நாட் தீன் குட்டியின் நிறையில் இருபதில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். பத்துக் கிலோகிராம் குட்டிக்கு அரைக் கிலோகிராம். இருபது கிலோகிராம் குட்டிக்கு ஒரு கிலோகிராம். இவை உலர்ந்த தீனின் அளவுகளாகும். இதனை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிற்றோட்டங் கண்டால் ஒரு நாளைக்குத் தீனைப் பாதியாகக் குறைத்து, நீரைத் தாராளமாக வையுங்கள். தானியம் செவ்வையாக வெந்ததா என்று பாருங்கள். அடுத்த நாளும் நிற்காவிடின் கால்நடை வைத்தியரிடம் செல்லுங்கள். எல்லா வயிற்றோட்டமும் தீனால் வருவதன்று.

குட்டி முப்பது கிலோகிராம் நிறையைக் கடந்த பின் 16 பங்கு புரதம் போதும். அப்போது அவரையினத் தானியத்தையும் மீன் தூளையும் குறைத்துத் தவிட்டைக் கூட்டலாம். விலைப்படுத்துமுன் சில கிழமைகளுக்குச் சோயா அவரையை அதிகமாகக் கொடுத்தால், அதன் எண்ணெயால் பன்றியின் கொழுப்பு இளகிப் போகும்.

எச்சில் உணவும் நோயும்

உணவுச்சாலைகளிற் கழியும் எச்சில் உணவைக் கொண்டே பன்றி வளர்ப்போர் பலர். 2024ஆம் ஆண்டில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிற் கண்டறியப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆனால் பட்டியிற் புகுந்தால் பெரும்பாலான பன்றிகளை அழித்துவிடும். அதனைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. நோயுற்ற பன்றியின் இறைச்சித் துண்டு கலந்த எச்சில் உணவு இந்நோய் பரவும் வழிகளுள் ஒன்றாகும். உங்கள் நிலத்தில் விளைந்த தானியத்தை உங்கள் அடுப்பிலேயே அவித்துக் கொடுக்கும்போது, அவ்வழி உங்கள் பட்டியைப் பொறுத்தவரை அடைபடுகின்றது.

வயலுக்கும் பயன்

இறுதியாக, நெற்செய்கையாளருக்கு ஒரு சொல். பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையே வயலில் ஈரம் நிற்கும் இடங்களில், இரண்டு மாதமளவில் முற்றும் பயற்றைச் செய்து கொள்ளலாம். அதன் வேர் முடிச்சுக்களில் வாழும் பற்றீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு ஈட்டித் தருகின்றன. காய் பறித்த செடியை உழுது புதைத்தால் அடுத்த நெல்லுக்கு அது பசளையாகும். நல்ல மணி சந்தைக்கு; கழிந்த மணி குட்டிக்கு; குட்டியின் எருவோ மக்கிய பின் கத்தரிக்கும் மிளகாய்க்கும்.

வாங்கும் தீனின் விலையைக் கணக்கிடுவதற்கும் ஒரு வழி சொல்கின்றேன். ஒரு கிலோகிராமின் விலையை அதிலுள்ள புரதப் பங்கினால் வகுத்துப் பாருங்கள். மீன் தூளை 60 ஆலும், சோயா அவரையை 37 ஆலும், கௌப்பியை 24 ஆலும், தேங்காய்ப் புண்ணாக்கை 20 ஆலும் வகுத்தால், எதில் ஒரு பங்கு புரதம் மலிவு என்பது தெரிந்துவிடும். வாங்கும்போதெல்லாம் அன்றைய சந்தை விலையைக் கொண்டு இக்கணக்கைச் செய்யுங்கள்.

கமக்காரர்களே, நான் கூறியவற்றைச் சுருக்கிக் கூறி முடிக்கின்றேன். கழிந்த தானியத்தைப் பூஞ்சணமின்றிச் சேர்த்து வையுங்கள். இரவு ஊற வைத்து, அந்நீரை ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். எள்ளுப் புண்ணாக்கும் சிறிது மீன் தூளும் சேர்த்துக் கொடுங்கள். முதற் கிழமையில் அளவாகக் கொடுங்கள். கிழமைக்கொரு முறை இரண்டு குட்டிகளையாவது சாக்கிலிட்டு நிறுத்துக் குறித்து வாருங்கள். தீன் நல்லதா அன்றா என்பதை நான் சொல்வதிலும் அத்தராசு உங்களுக்குத் தெளிவாகச் சொல்லும்.